கையெழுத்து இல்லாத மனு

பூலாங்காட்டுப்பட்டி,
மல்லசமுத்திரம் வழி.
29.6.2025, ஞாயிறு

அன்புள்ள தமிழ்ச்செல்விக்கு,

வசந்தாமணி எழுதுகிறேன். நீயும் உன் வீட்டுக்காரரும் பிள்ளைகளும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே யாருக்கும் உடம்புக்கு ஒன்றுமில்லை. மனசுதான் ஓரிடத்தில் உட்கார மாட்டேன் என்கிறது. இந்தக் கடிதத்தையே மூன்று நாளாக எழுதுகிறேன். தறிக்குப் பக்கத்தில் நின்று நாலு வரி, அடுப்படியில் நாலு வரி.

போனில் கூப்பிட்டால் ஆகாதா என்று நினைப்பாய். இப்போது ஊரில் யாரும் போனில் மனசு விட்டுப் பேசுவதில்லை. போன மாதம் என் வீட்டுக்காரர் தன் சித்தப்பா மகனிடம் பேசியது அப்படியே பதிவாகி, மறுநாள் காலை ஊர் வாட்ஸ்அப் குரூப்பில் ஓடியது. உன் அண்ணன் பேசியதும் அடுத்த வாரம் அதே போல வந்தது. யார் பதிகிறார்கள், யார் போடுகிறார்கள் என்று தெரியவில்லை. அதனால்தான் காகிதம். மகள் இனியா திங்கட்கிழமை சேலம் காலேஜுக்குப் போகும்போது கூரியரில் போட்டுவிடுவாள்.

உன் அண்ணன் ஜெயபிரகாஷுக்கும் எங்கள் வீட்டுக்காரருக்கும் உள்ள சண்டை உனக்குத் தெரியாததல்ல. ஆனால் அது இப்போது எந்த அளவுக்கு வந்திருக்கிறது என்பது அங்கிருந்து தெரியாது. ஜனவரியோடு பஞ்சாயத்துத் தலைவர்களின் பதவிக்காலம் முடிந்துவிட்டது. உன் அண்ணனும் இறங்கிவிட்டார். தனி அலுவலர் பார்க்கிறார். அடுத்த தேர்தல் எப்போது என்று யாருக்கும் தெரியாது. நம் ஊரில் மட்டும் பிரசாரம் தொடங்கி ஐந்து மாதம் ஆகிறது. பஸ் நிறுத்தத்தில் இந்தப் பக்கம் உன் அண்ணன் கை கூப்பி நிற்கும் பிளெக்ஸ், அந்தப் பக்கம் 'மண்ணின் மைந்தன் மதியழகன்' என்று இவருடைய பிளெக்ஸ். நடுவில் பஸ் வந்து நின்றால் இரண்டு பேரும் டிரைவரை வழிமறிப்பது போல இருக்கும். அவர் ஒரு நோட்டீஸ் அடித்தால் இவர் மறுநாள் மறுப்பு நோட்டீஸ் அடிக்கிறார். மறுப்புக்கு ஒரு பதில், பதிலுக்கு ஒரு கேள்வி. டீக்கடைகூட இரண்டாகிவிட்டது. பெண்கள் தொகுதியாக மாறிவிடும் என்று ஒரு பேச்சு வந்தது. உடனே இவர், அப்படியானால் வசந்தாமணியை நிறுத்துவேன் என்று குரூப்பில் போட்டார். என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. பக்கத்து வீட்டுக்காரர்கள் வந்து வாழ்த்துச் சொன்ன பிறகுதான் எனக்குத் தெரிந்தது.

போன தேர்தலில் பதினோரு ஓட்டில் தோற்றதிலிருந்து இவருக்கு நிம்மதி இல்லை. ஒரே மோட்டார் சைக்கிளில் திருச்செங்கோட்டுக்குப் போய் வந்த இரண்டு பேர், மாப்பிள்ளை மச்சான் என்று கூப்பிட்டுக்கொண்டவர்கள். அந்தப் பதினோரு பேர் யார் யார் என்று இவர் இன்றைக்கும் விரல் விட்டு எண்ணுவார்.

ஆனால் உன் அண்ணனுக்கு ஓட்டு ஒரு பொருட்டல்ல. அவருக்கு அந்த மனுதான். இரண்டு வருஷத்துக்கு முன்னால் கோடையில், காவிரித் தண்ணீர் வாரத்துக்கு ஒரு முறை வந்துகொண்டிருந்தபோது, பஞ்சாயத்து சார்பில் போர் போட்டார்கள். நீரோட்டம் உங்கள் அம்மாவின் காட்டோரத்தில் கிடைத்தது. சின்னாயி அம்மா அந்த இரண்டு சென்ட்டைக் கொடுத்தார்கள். மூன்றாம் மாதமே கலெக்டர் ஆபீசுக்கு ஒரு மனு போனது. தலைவர் அரசாங்கப் பணத்தில் தன் காட்டுக்குப் போர் போட்டுக்கொண்டார் என்று. அடியில் பெயர் இல்லை, கையெழுத்து இல்லை. அதிகாரிகள் வந்து மோட்டாரை நிறுத்தி, அம்மா பார்க்கப் பார்க்க நிலத்தை அளந்தார்கள். ஊரே குடத்தோடு நின்று வேடிக்கை பார்த்தது. திருடின நிலத்தை அளப்பது போல அளக்கிறார்களே என்று அம்மா என்னிடமே சொன்னார்கள். ஒன்பதாம் நாள் அம்மா கண்ணை மூடிவிட்டார்கள். வந்தால் திரும்பிப் போக விசா கிடைக்காது என்று நீ அங்கேயே உட்கார்ந்து போனில் பார்த்துக்கொண்டிருந்தாய். அந்தப் போனைப் பிடித்துக்கொண்டு நின்றது நான்.

உன் அண்ணன் தகவல் உரிமைச் சட்டத்தில் எழுதிப்போட்டு அந்த மனுவின் நகலை வாங்கிவிட்டார். போன ஞாயிற்றுக்கிழமை அதைக் குரூப்பில் போட்டு, கீழே ஒரு சவால். ஆடிப் பதினெட்டு அன்று மாரியம்மன் கோயிலில், ஊரார் முன்னால், மதியழகன் இதை எழுதவில்லை என்று கற்பூரம் அணைத்துச் சத்தியம் செய்ய வேண்டும். செய்தால் உன் அண்ணன் இனி எந்தத் தேர்தலிலும் நிற்க மாட்டாராம். செய்யாவிட்டால் மதியழகன் ஊர்ப் பொதுக் காரியம் எதிலும் தலையிடக் கூடாது. பத்து நிமிஷத்தில் இவர் பதில் போட்டார். வருகிறேன் என்று.

நீ போன வருஷம் அங்கே ஆற்றங்கரையில் ஒரு பாறையைப் படமெடுத்து அனுப்பினாயே, நினைவிருக்கிறதா? உங்கள் ஊருக்குப் பக்கத்தில்தான் என்றாய். அந்த நாடு புதிதாக உண்டான காலத்தில் இரண்டு பெரிய தலைவர்கள் பத்திரிகையில் திட்டி, கூட்டத்தில் திட்டி, கடைசியில் ஒருவருக்கொருவர் கடிதம் எழுதினார்கள் என்றாய். எல்லாக் கடிதமும் மரியாதையாகத்தான் இருந்ததாம். ஆனால் ஒவ்வொன்றும் பின்வாங்கும் வழியை அடைத்துக்கொண்டே போனதாம். ஒரு ஜூலை மாதக் காலையில் படகில் ஆற்றைக் கடந்து போய்த் துப்பாக்கியை நீட்டிக்கொண்டார்கள். குண்டு பட்டவர் அந்தப் பாறையில்தான் தலை சாய்த்தாராம், மறுநாள் செத்தார். மற்றவர் உயிரோடு இருந்தும் அரசியலில் தலையெடுக்கவில்லை. அன்றைக்குக் கதையாகக் கேட்டேன். இப்போது குரூப்பில் இவர்கள் இரண்டு பேரும் 'மதிப்பிற்குரிய' என்று தொடங்கி எழுதுவதைப் படிக்கும்போதெல்லாம் அந்தப் பாறை ஞாபகத்துக்கு வருகிறது.

உன் அண்ணன் உன் பேச்சுக்குக் கட்டுப்படுவார். சவாலைத் திரும்ப எடுத்துக்கொள்ளச் சொல். தோற்றதாக யாரும் நினைக்க மாட்டார்கள் என்று சொல். எப்படியாவது சொல்.

கடலைக்கு உழவு ஓட்டியாயிற்று. மழைதான் இல்லை. பிள்ளைகளைக் கேட்டதாகச் சொல்லவும்.

உன் பதிலுக்காகக் காத்திருக்கும்,
வசந்தாமணி

*

பூலாங்காட்டுப்பட்டி,
20.7.2025, ஞாயிறு

தமிழ்,

கடிதம் வந்தது, பார்த்தேன் என்று இரண்டு வார்த்தை அனுப்பியிருந்தாய். அதற்குப் பிறகு பன்னிரண்டு நாளாக ஒன்றுமில்லை. கூப்பிட்டாலும் எடுக்கவில்லை. படித்தேன் என்று எழுதாமல் பார்த்தேன் என்று எழுதியிருந்தாய். அந்த ஒரு வார்த்தையிலேயே எனக்குப் புரிந்துவிட்டது.

ஆமாம். உன் அண்ணன் அந்த நகலை உனக்கு அனுப்பாமல் இருந்திருக்க மாட்டார். எட்டாம் வகுப்பிலிருந்து ப்ளஸ் டூ வரை என் நோட்டைப் பார்த்து எழுதியவள் நீ. என் 'ழ'வுக்கு வால் நீளம் என்று கேலி செய்ததும் நீதான். ஊரில் என் கையெழுத்து யாருக்கும் தெரியாது. உனக்குத் தெரியும். அப்படியிருந்தும் உனக்குக் கையால் எழுதினேன். போனுக்குப் பயந்துதான் என்று எழுதியிருந்தேன். அது பாதிதான் உண்மை. வாயால் சொல்ல முடியாததைக் கை சொல்லிவிடட்டும் என்று இருந்தேனோ என்னவோ.

அந்த மனுவை எழுதியது நான்.

அன்றைக்கு நடந்ததைச் சொல்கிறேன். சாக்குச் சொல்வதாக நினைக்காதே. மத்தியானம் கரண்ட் நின்று தறி நின்றிருந்தது. இவர் வெளியிலிருந்து வந்து, ஒரு வெள்ளைத் தாள் எடு என்றார். இவர் முன்பு வார்டு மெம்பராக இருந்ததால் இவர் கையெழுத்து ஒன்றிய ஆபீசில் எல்லாருக்கும் தெரியும். அதனால் நீ எழுது என்றார். அவர் சொன்னார், நான் எழுதினேன். இது நிஜமா என்று ஒரு வார்த்தை கேட்டேனா என்றால், கேட்கவில்லை. இவர் நம்பினார் என்று நினைத்தேன். இன்றைக்கும் நம்பித்தான் சொன்னார் என்றே நினைக்கிறேன். பதினோரு ஓட்டு ஒரு மனுஷனை எதையும் நம்ப வைத்துவிடும். எழுதி முடித்ததும் கரண்ட் வந்தது, நான் எழுந்து தறியைப் போட்டேன். அவ்வளவுதான் தமிழ். அரை மணி நேரம்கூட இல்லை.

அம்மா அந்த நிலத்தை முன்னமே தானப் பத்திரம் எழுதிப் பஞ்சாயத்துக்குக் கொடுத்திருந்தார்கள் என்று விசாரணையில் தெரிந்து, மோட்டாரைத் திரும்ப ஓட விட்டபோது, அம்மாவின் பதினாறாம் நாள் காரியம்கூட முடிந்திருந்தது. அந்தக் காரியத்துக்குப் பந்தியில் பரிமாறியவள் நான். உன் அண்ணி எனக்குப் புடவை எடுத்துக் கொடுத்தார்கள், மகள் போல நின்றாய் என்று சொல்லி. அதை இதுவரை பிரிக்கவில்லை.

இப்போது இவர் சத்தியத்துக்குத் தயாராகிவிட்டார். விரதம் இருக்கிறார். நான் நான்கு முறை சொல்லிப் பார்த்தேன். தப்பு நடந்துவிட்டது, போய் ஒப்புக்கொள்ளுங்கள், அவர் திட்டட்டும், ஊர் திட்டட்டும், வாங்கிக்கொள்வோம் என்றேன். முதல் மூன்று முறை எழுந்து போய்விட்டார். நாலாவது முறை பொறுமையாகவே சொன்னார்:

"எழுதுனது நீதானே. நான் எழுதலீன்னு கற்பூரம் அணைச்சா அதுல பொய் எங்க இருக்குது?"

தமிழ், பத்தொன்பது வருஷமாக இந்த மனுஷனோடு இருக்கிறேன். குடிக்க மாட்டார், கை நீட்ட மாட்டார். இனியா பிறந்தபோது மூன்று நாள் ஆஸ்பத்திரி வாசலில் சாப்பிடாமல் நின்றவர். அந்த வாயிலிருந்து இது வந்தபோது, ஏதோ தெரியாத ஆள் அவர் சட்டையைப் போட்டுக்கொண்டு வந்து உட்கார்ந்திருப்பது போல இருந்தது. அவர் என் கையை வைத்து அம்மன் முன்னால் தப்பித்துக்கொள்ளப் பார்க்கிறார். அதற்குப் பிறகு தறியில் நூல் அறுந்தாலும் எனக்குத் தெரிவதில்லை. நேற்று ஒரு பாவு நூல் முழுக்க வீணாயிற்று.

அந்த ஆற்றங்கரைக் கதையில், சுடப்பட்டவரின் மனைவிக்கு அன்று காலை ஒன்றுமே தெரியாது என்று நீ சொன்னாய். அவள் கொடுத்து வைத்தவள். எனக்கு எல்லாம் தெரியும். தேதி தெரியும், நேரம் தெரியும்.

இங்கே ஊர் திருவிழா பார்க்கத் தயாராவது போலத் தயாராகிறது. தம்மம்பட்டியில் கட்டிக்கொடுத்த பெண்கள்கூட ஆடிப் பதினெட்டுக்கு வருகிறார்களாம். நோன்புக்காக இல்லை, கற்பூரம் பார்க்க. இரண்டு பக்கத்திலும் பந்தயம் கட்டியிருக்கிறார்கள் என்று கேள்வி. இனியாவின் காலேஜ் வரைக்கும் அந்த மனுவின் படம் போய்விட்டது. அம்மா, இந்த எழுத்தை எங்கியோ பார்த்த மாதிரி இருக்குது என்றாள். நான் அடுப்பைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அவள் அதற்கு மேல் கேட்கவில்லை. கேட்காதது இன்னும் பயமாக இருக்கிறது.

இந்தக் கடிதத்தை நீ உன் அண்ணனுக்குக் காட்டலாம். காட்டாமல் கிழித்தும் போடலாம். உனக்கு எது சரியென்று படுகிறதோ செய். காட்டாதே என்று கேட்க எனக்கு வாய் இல்லை. காட்டு என்று சொல்லத் தைரியமும் இல்லை.

வசந்தா

*

பூலாங்காட்டுப்பட்டி,
10.8.2025, ஞாயிறு

அன்புள்ள தமிழுக்கு,

போன ஞாயிறு நடந்ததை உன் அண்ணன் சொல்லியிருப்பார். வீடியோவும் வந்திருக்கும். அதில் பாதி இல்லை. என் தரப்பிலிருந்து நானும் சொல்லிவிடுகிறேன்.

காலை எட்டு மணிக்கெல்லாம் கோயில் வாசலில் நிற்க இடமில்லை. கலாட்டா ஆகும் என்று யாரோ சொல்லி, சப் இன்ஸ்பெக்டர் ஸ்ரீதேவி நான்கு போலீஸ்காரர்களோடு வந்திருந்தார். சாமி கும்பிட வந்தால் கும்பிடுங்கள், சண்டை போட வந்தால் வண்டியில் ஏறுங்கள் என்று இரண்டு பக்கமும் சொல்லிவிட்டு வேப்பமரத்தடியில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். உன் அண்ணன் வெள்ளை வேட்டி சட்டையில், கையில் அந்த நகலோடு, அம்மனுக்கு வலப்பக்கம். இவர் குளித்த ஈரத்தோடு, மேல் துண்டுகூட இல்லாமல், இடப்பக்கம். எல்லார் கையிலும் போன் தூக்கியபடி. அம்மன் முகம் யாருக்கும் தெரிந்திருக்காது.

உன் அண்ணன் மனுவை முதல் வரியிலிருந்து கடைசி வரை படித்தார். குரல் ஒரு இடத்தில்கூட உடையவில்லை. 'அரசுப் பணத்தைத் தன் குடும்பக் காட்டுக்குப் பாய்ச்சிக்கொண்ட' என்ற வரி வந்தது. நான் எழுதிய வரி. எழுதும்போது நல்ல வாக்கியம் என்று மனசுக்குள் பெருமைப்பட்ட வரி. அதை அவர் வாயால் கேட்க வேண்டியிருந்தது.

பூசாரி பொன்னன் தட்டில் கற்பூரத்தை ஏற்றி இவர் முன்னால் நீட்டினார். இவர் கையைத் தூக்கினார். என்ன சொல்லப் போகிறார் என்று எனக்கு மட்டும்தான் தெரியும். நான் பெண்கள் பக்கத்தில் மூன்றாவது வரிசையில் இருந்தேன். எப்படி முன்னால் வந்தேன் என்று தெரியவில்லை. இனியா என் முந்தானையைப் பிடித்தாள், பிறகு விட்டுவிட்டாள்.

"அதை எழுதுனது நானுங்க" என்றேன். "இது என்ற கையெழுத்துங்க."

சத்தமாகச் சொன்னதாக எனக்கு ஞாபகம். வீடியோவில் கேட்டால் முணுமுணுப்பு மாதிரி இருக்கிறது. ஆனால் எல்லாருக்கும் கேட்டது. இவர் கை அப்படியே அந்தரத்தில் நின்றது. கற்பூரம் எரிந்துகொண்டே இருந்தது, பூசாரிக்குத் தட்டை எடுப்பதா வைப்பதா என்று தெரியவில்லை.

உன் அண்ணன் கத்துவார், கூட்டம் பாயும் என்று நினைத்தேன். அவர் நகலை நான்காக மடித்துப் பையில் வைத்தார்.

"தெரியும் அம்மிணி" என்றார். "தங்கச்சி எட்டு நாளைக்கு முந்தியே சொல்லிப்போட்டா. இவன் வாயில வருதான்னு பார்க்கத்தான் நான் வந்து நின்னேன்."

அப்போதுதான் எனக்குத் தெரிந்தது, நீ சொல்லிவிட்டாய் என்று. கோபமில்லை தமிழ். சொன்ன பிறகும் அந்த மனுஷன் குரூப்பில் ஒரு வார்த்தை போடாமல், எட்டு நாள் அதை நெஞ்சில் வைத்துக்கொண்டு, தன் எதிரிக்கு ஒரு வழி விட்டுவைத்து நின்றாரே, அதுதான் என்னை அறுக்கிறது. இவர் கையைத் தூக்கிவிட்டார். நான் வாயைத் திறந்துவிட்டேன். அவர் எதற்காக நின்றாரோ அது நடக்கவே இல்லை.

இவர் யாரையும் பார்க்காமல் கூட்டத்தை விலக்கிக்கொண்டு போய் வண்டியை எடுத்தார். ஈர வேட்டியோடே போய்விட்டார். நானும் இனியாவும் நடந்து வந்தோம். வழியில் ஒருவரும் எங்களோடு பேசவில்லை. இவர் ஆட்கள் என்னைத் துரோகி என்கிறார்கள், உன் அண்ணன் ஆட்கள் கொலைகாரி என்கிறார்கள். இரண்டும் காதில் விழுகிற மாதிரிதான் சொல்கிறார்கள். ஸ்ரீதேவி மட்டும் ஜீப்பில் எங்களைத் தாண்டிப் போகும்போது நிறுத்தி, ஏறிக்கோங்க என்றார். வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். அன்றைக்கு அந்தத் தெருவில் நடந்துதான் ஆக வேண்டும் என்று இருந்தது.

நான்கு நாள் இவர் என்னோடு பேசவில்லை. கொண்டப்பநாயக்கன்பட்டியில் தன் தம்பி வீட்டில் இரண்டு நாள் இருந்துவிட்டு வந்தார். வந்தும் தறிக்கொட்டகையிலேயே சாப்பாடு. ஐந்தாம் நாள், வியாழக்கிழமை காலையில், இனியாவின் நோட்டிலிருந்து ஒரு தாளைக் கிழித்து எடுத்துக்கொண்டு உட்கார்ந்தார். நான் எழுதித் தரட்டுமா என்று கேட்கவில்லை, அவரும் கூப்பிடவில்லை. ஒரு மணி நேரம் ஆயிற்று. கொண்டுபோய்த் தண்ணீர்த் தொட்டித் தூணில் ஒட்டிவிட்டு வந்தார். நான் குடம் எடுத்துக்கொண்டு போகிற சாக்கில் போய்ப் படித்தேன். 'போர் பற்றிய மனு நான் சொல்லி எழுதப்பட்டது. அதில் உள்ளது உண்மை அல்ல. சின்னாயி அம்மாள் நிலத்தைத் தானமாகக் கொடுத்தவர். மதியழகன்.' இரண்டு இடத்தில் எழுத்துப் பிழை. கீழே முழுக் கையெழுத்து. அன்று சாயந்திரமே பஸ் நிறுத்தத்திலிருந்த தன் பிளெக்ஸை அவரே கழற்றினார். தேர்தலைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

இதனால் எல்லாம் சரியாகிவிட்டது என்று எழுதினால் பொய். உன் அண்ணன் அந்தத் தாளைப் படித்துவிட்டு வீட்டுக்குப் போய்விட்டார் என்று கேள்விப்பட்டேன். நேற்று நானே உங்கள் வீட்டுக்குப் போனேன். படியேறவில்லை. வாசலில் நின்று, மன்னித்துவிடுங்கள் அண்ணா என்றேன். அவர் கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்திருந்தார், எழுந்து நின்றார்.

"நான் என்னத்தை மன்னிக்கறது. அம்மாவுக்கு மகள் ஒருத்தி இருக்கறாள்ல, அவளைக் கேளு" என்றார். முகத்தில் கோபம் இல்லை. ரொம்ப அலுத்துப்போன முகம். உன் அண்ணி உள்ளேயிருந்து வெளியே வரவே இல்லை.

அதனால் உனக்கு எழுதுகிறேன். ஆனால் இவ்வளவு எழுதிய பிறகும் அந்த ஒரு வார்த்தையை எழுதப் போனால் பேனா நிற்கிறது. உன்னிடம் கேட்கிற தகுதி எனக்கு இருக்கிறதா என்று தெரியவில்லை. அம்மா கடைசியாகக் கண் திறந்தபோது போனில் தெரிந்த உன் முகத்தைத்தான் பார்த்தார்கள், போனைப் பிடித்திருந்த என் கையைப் பார்க்கவில்லை. அதை மட்டும் சொல்ல வேண்டும் என்று தோன்றியது.

முந்தாநாள் நல்ல மழை. கடலை போட்டாயிற்று. இனியா என்னோடு பேசுகிறாள், முன்பைவிடக் கொஞ்சம் பெரியவள் போல. தை மாதம் நீ பிள்ளைகளோடு ஊருக்கு வருகிறாய் என்று அவள்தான் சொன்னாள். வா. உன் அண்ணன் வீட்டிலேயே இறங்கு, அங்கேயே இரு. ஒரே ஒரு நாள், நீ இந்தத் தெருப்பக்கம் வருகிற நாளில், எங்கள் வீட்டில் ஒரு வாய் தண்ணீர் மட்டும் வாங்கிக் குடித்துவிட்டுப் போ. பேச வேண்டியதில்லை. உட்காரக்கூட வேண்டியதில்லை, நின்றபடியே குடித்தால் போதும்.

வர மனசில்லை என்றாலும் நீயும் உன் பிள்ளைகளும் நோய்நொடி இல்லாமல் நன்றாக இருக்க வேண்டும். மாரியம்மன் முன்னால் இப்போது நான் கேட்பது அது ஒன்றுதான்.

உன்,
வசந்தாமணி